மடங்காத கால்

புதன்கிழமை காலையில் அப்பாவும் நானும் மணல் சலித்தோம்.

நான் விடுப்பில் வந்திருந்தேன். திருமணிமுத்தாற்றிலிருந்து ஒரு வண்டி மணல் வந்து கொட்டியிருந்தது. அப்பாவின் கொட்டகையில் குழந்தைகள் விளையாடும் குழிக்கான மணல் அது. மழை ஓய்ந்ததும் ஆண்டுதோறும் பழைய மணலை அள்ளிவிட்டுப் புதிது போடுவது அவர் வழக்கம். நான் நின்றபடி சல்லடையை ஆட்டினேன். அவர் வலது காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, சல்லடையில் தங்கியதைப் பொறுக்கினார். கண்ணாடிச் சில்லு, முள், துருப்பிடித்த லாட ஆணி எல்லாம் ஒரு பக்கம் போயின. கிளிஞ்சலும் கூழாங்கல்லும் இன்னொரு பக்கம்.

"அதெல்லாம் எதுக்குங்கப்பா? மொத்தமா எறிஞ்சுட்டா மணல் சுத்தமா இருக்குமே."

"சுத்தமா இருந்து என்ன பண்றது சாமி? தோண்டுனா என்னமோ ஒண்ணு கெடைக்கோணும். ஒண்ணுமே கெடைக்காத மண்ணை எவன் தோண்டுவான்? நீ தோண்டுவியா?"

"கம்பம் நடறதுக்குத் தோண்டுவேன்."

"அது சம்பளத்துக்கு."

நான் மின்சார இலாகாவில் லைன் சூப்பர்வைசர். கம்பம் நட்டுக் கம்பி இழுப்பது என் வேலை. அப்பா அதைச் சொல்லிச் சிரிக்காத நாள் இல்லை.

ஒவ்வொரு கல்லையும் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வளையத்துக்குள் போட்டுப் பார்த்தார். உள்ளே விழுந்தால் அது குழந்தையின் வாய்க்குள் போகிற கல். அதை எறிந்துவிட்டார். விழாத கல் மணலுக்குத் திரும்பியது. யாரோ தொலைத்த சோழி ஒன்று கிடைத்தது. அழகான சோழி. வளையத்துக்குள் போட்டார், விழுந்துவிட்டது. மறுபடி போட்டார். மறுபடியும் விழுந்தது. மனசில்லாமல் எறிந்தார்.

வெயில் ஏறியதும் நிறுத்தினோம். எழ என் தோளைப் பிடித்துக்கொண்டபோது சொன்னார். "நாளைக்குத் தெய்வநாயகி ஊட்டுல தறி அறுக்கறாங்க, நெஞ்ச துணி எறங்குது. வெள்ளிக்கிழமை நான் அங்க போவோணும். அவ பையன் ராசுவை இன்னும் தூணுலதான் கட்டி வெச்சிருக்கா."

"ஏன், இன்னிக்கே போயிட்டு வாங்களேன்."

"தறி அறுக்கறதுக்கு மொத நாள் எவ காதுலயும் எதுவும் ஏறாது சாமி. துணி கைக்கு வந்துரட்டும். அப்பறம் சிரிக்கறதுக்கு நேரம் இருக்கும்."

வியாழக்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது. ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

மணல் பாதி சலித்தபடி கிடந்தது.

பெயர் சரவணமுத்து. ஊர் சேலம் அம்மாபேட்டை. இறப்பைப் பதிய வந்தவர், என்ன தொழில் செய்தார் என்று கேட்டார். அம்மா யோசிக்காமல் சொன்னார். "புள்ளைங்களப் பாத்துக்கறதுங்க." வந்தவர் நெசவு என்று எழுதிக்கொண்டு போனார். முற்றிலும் தவறும் இல்லை. இருபத்தைந்து வயது வரை அப்பா நெய்தவர்தான்.

நான் பிறந்து ஓரிரு வருடம் கழித்து, செவ்வாப்பேட்டையிலிருந்து நூல் மூட்டை ஏற்றி வந்த வண்டியில் மாடு மிரண்டது. அப்பா கீழே விழுந்தார். சக்கரம் வலது முழங்காலில் ஏறியது. கட்டுப் போட்டவர் நல்ல வைத்தியர். எலும்பு கூடியது. ஆனால் கால் நீட்டியது நீட்டியபடியே நின்றுவிட்டது. எங்களுடையது குழித்தறி. நெய்பவர் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, இரண்டு மிதிகளையும் மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். மடங்காத காலோடு குழியில் உட்கார முடியாது.

எங்கள் தெருவில் அன்று தறியில் இறங்குவது ஆண்கள். நூல் சுற்றுவதும், ஊடை நூலைத் தார்க்குச்சியில் ஏற்றுவதும் பெண்கள். அம்மா, அவர் பெயர் கமலவேணி, ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். எட்டாம் நாள் சேலையைச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். அப்பா தரையில் காலை நீட்டி உட்கார்ந்து இராட்டையைச் சுற்றினார்.

தெரு சும்மா இருக்குமா? நாட்டாண்மைக்காரர் கைலாசத்தின் தம்பி மணியன், அப்பாவுக்கு மச்சான் முறை. எங்கள் வாசலைத் தாண்டும்போதெல்லாம் உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்பார்.

"ஏனுங்க மச்சான், இன்னிக்கு எத்தனை தொட்டில் நெஞ்சீங்க?"

"மூணு நெஞ்சேன் மணியா. ரெண்டு நனைஞ்சு போச்சு. காயட்டும், உனக்கு ஒண்ணு தாரேன்."

நெசவாளர் வீட்டில் நடை பழகும் குழந்தையைக் கட்டிப் போடுவது வழக்கம். பழைய சேலைக் கரையைக் கிழித்து ஒரு முனையைக் குழந்தையின் இடுப்பில் சுற்றுவார்கள், மறு முனையைத் தூணில். இதைக் கொடுமை என்று நான் எழுதமாட்டேன். வீட்டுக்குள் தறிக்குழி வாயைத் திறந்துகொண்டிருக்கிறது. அடுப்பில் பாவு நூலுக்குப் பூசும் கஞ்சி கொதிக்கிறது. தரையெல்லாம் நூல். தாயின் இரண்டு கையும் வேலையில். கட்டாமல் என்ன செய்வாள்? என்னையும் கட்டித்தான் வைத்திருந்தார்கள்.

மற்றது அம்மா சொல்லிக் கேட்டது. ஒரு நாள் அப்பா இராட்டையை நிறுத்திவிட்டு எதிர்த் தூணில் இருந்த என்னை வெகு நேரம் பார்த்தாராம்.

"இவனை இடுப்புல கட்டியிருக்கு, என்னைய முட்டியில கட்டியிருக்கு. என்னோடது அவுறாது. இவனோடதையாவது அவுக்கறேன்."

"குழியில உழுந்தான்னா?" அம்மா தறிக்குள்ளிருந்து கத்தினார்.

"உழுகாம பாத்துக்கறது என் வேலை. கட்டிப் போட்டா அது கவுத்தோட வேலை. நான் எதுக்கு?"

அவிழ்த்துவிட்டதும் நான் நேரே குழியை நோக்கித்தான் போனேனாம். அவர் தடுக்கவில்லை. தரையோடு தரையாக உடம்பை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குழிக்குள் முகத்தைக் காட்டாமல் முதுகைக் காட்டி, பின்பக்கமாக இறங்கச் சொல்லிக்கொடுத்தார். அன்று சாயங்காலமே நான் இறங்கி ஏறப் பழகிவிட்டேன் என்பது அம்மாவின் கட்சி. ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு முறை நெற்றியில் இடித்துக்கொண்டான் என்பது அப்பாவின் கட்சி. நெற்றியில் தழும்பு இருக்கிறது. அப்பா சொன்னதுதான் சரி.

அடுத்த வீட்டுப் பழனியம்மாள் முதலில் தன் பெண்ணைக் கொண்டுவந்து விட்டார். "அண்ணா, கஞ்சி எறக்கற வரைக்கும் இவளக் கொஞ்சம் பாத்துக்குங்க." கஞ்சி இறக்கியாகிவிட்டது. அந்தப் பெண் போகவில்லை. மறுநாள் வேறு இரண்டு பேர். சில மாதங்களில் வீடு கொள்ளவில்லை. அம்மா தறியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்துக் கத்தினார். "ஏனுங்க, இது ஊடா, சந்தையா?"

அம்மாபேட்டையில் பாவடி என்று ஓர் இடம் உண்டு. தறியில் ஏற்றும் முன் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி பூசி, தூரிகையால் வாரி, வெயிலில் காயவைப்பதற்கென்று விடப்பட்ட பொது இடம். விடிந்ததிலிருந்து வெயில் ஏறும் வரை அங்கே பாவுகள் நீளும். மூங்கில் கால்கள் தாங்க, ஆள் இடுப்பு உயரத்தில் ஆயிரக்கணக்கான இழைகள். அந்த நேரத்தில் அங்கே கோழி போனாலும் அடி விழும். பாவடியின் ஓரத்தில் வேம்பு ஒன்று. அதன் கீழ் ஒரு கொட்டகை போட அப்பா நாட்டாண்மைக்காரரிடம் அனுமதி கேட்டார்.

கைலாசம் அதிகம் பேசாதவர். "போட்டுக்கோ சரவணா. ஆனா ஒரு புள்ளை ஒரு பாவைக் கெடுத்தாலும் அன்னிக்கே கொட்டாயைப் பிரிச்சிருவேன். இல்லாட்டி கட்டி வை. உன் இஷ்டம்."

"சரிங்க மாமா."

"எது சரி?"

"கொட்டாய் சரிங்க. கட்டறது இல்லீங்க."

கொட்டகைக்குக் கதவு கிடையாது. தட்டியும் மூன்று பக்கம்தான். நாலாவது பக்கம் பாவடியைப் பார்த்துத் திறந்திருக்கும். கட்டக்கூடாது, அடிக்கக்கூடாது, பயம் காட்டக்கூடாது. இந்த மூன்றும் அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்டவை. பூச்சாண்டி என்ற சொல்லைக் கொட்டகைக்குள் யாரும் சொல்லக் கூடாது. பழனியம்மாள் ஒரு முறை சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "எங்க பூச்சாண்டி? காட்டுங்க அம்மிணி, நானும் பாத்ததில்லை" என்று அப்பா எழப் பார்த்தார்.

பொம்மை எதுவும் வாங்கவில்லை. உண்மையான பொருளே, ஆனால் சிறிது. குயவரிடம் சொல்லி, இரண்டு வயதுக் கை தூக்கக்கூடிய குடங்கள் செய்து வாங்கினார். அவை உடைந்தன. வாரத்துக்கு ஒன்றாவது உடையும். தகரத்தில் வாங்கலாமே என்று நான் ஒரு முறை கேட்டேன். "ஒடையாததைத் தூக்கறப்ப எவன் கையைப் பாப்பான்?" என்றார்.

குழந்தை ஏதாவது முயலும்போது அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். ஒரு பயல் அரைஞாணில் முடிச்சுப் போட முயல்கிறான், வரவில்லை, அழுகை வரப் பார்க்கிறது. அப்பாவின் கைகள் பின்னால் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். உதவாமல் இருப்பது அவருக்கு எளிதாக வரவில்லை. நகம் பதிந்த தடத்தை நான் பார்த்திருக்கிறேன். "கேட்டாக் குடு. கேக்காட்டி பாரு." அவர் சொன்னவற்றில் விதி என்று ஒன்று உண்டென்றால் இதுதான்.

ஆனாலும் பாவு? எதிரே நீண்டிருக்கும் பாவைக் குழந்தைகள் தொடாமல் இருக்க என்ன செய்தார்?

காலை நீட்டினார்.

முக்காலி ஒன்றின் மேல் அந்த மடங்காத காலை வைத்துக்கொள்வார். அதுதான் பாவு. குழந்தைகள் ஒவ்வொருவராக அதன் கீழே தவழ்ந்து போக வேண்டும். முதுகு பட்டால் இழை அறுந்துவிட்டது. அறுந்தால் திட்டு இல்லை, ஆட்டத்திலிருந்து விலக்கலும் இல்லை. நின்று, "மாமா, அந்து போச்சு" என்று உரக்கச் சொல்ல வேண்டும். உடனே அவர் கழிவு நூல் ஒன்றை எடுத்து நீட்டுவார். தொட்ட குழந்தையே அதைக் காலில் சுற்றி முடிச்சுப் போடும். முடிச்சென்றால் முடிச்சு இல்லை, ஒரு சுற்று. பிறகு எல்லோரும் கை தட்டுவார்கள். சொல்லாமல் போனவனுக்குக் கை தட்டல் கிடையாது. அவ்வளவுதான் தண்டனை.

மாலையில் அப்பா வீட்டுக்கு வரும்போது காலெல்லாம் நூல். சிவப்பு, பச்சை, ஊதா. அம்மா அதைப் பிரித்தபடியே பேசுவார். "நான் குழிக்குள்ள கெடந்து ஒரு முழம் நெய்யறதுக்குள்ள உங்க கால்ல ஒரு சேலையே நெஞ்சுட்டாங்க."

"கரை இன்னும் வெக்கலை கமலம். நாளைக்கு வெப்பாங்க."

ஏழெட்டு வருடம் ஒரு பாவும் கெடவில்லை. வெயில் ஏறும் முன் குழந்தைகள் பாவடியில் குறுக்கே போக வேண்டியிருந்தால் குனிந்து, கையை ஊன்றி, பாவுக்கு அடியில் போவார்கள். பெரியவர்கள் பார்க்கிற வேளையில் அப்பா அவர்களைப் போகவிடுவதில்லை. பெரியவர்கள் மூச்சை இழுப்பதே குழந்தையைப் பதறவைக்கும் என்பார்.

1936 ஆடி மாதம். எனக்குப் பதினொரு வயது, நான் நேரில் பார்த்தது. நாட்டாண்மைக்காரரின் பாவு நீண்டிருந்தது. கல்யாணச் சேலைக்குரிய பாவு. மணியன் ஒரு முனையில் தூரிகை பிடித்துக்கொண்டிருந்தார். பழனியம்மாள் மறு பக்கத்தில் கஞ்சிக் கலயத்தோடு நின்றார். அவருடைய கடைசிப் பெண் பூவாத்தாள், மூன்று வயது, கொட்டகையில் இருந்தவள், அம்மாவைப் பார்த்துவிட்டாள். எழுந்தாள். நேரே வந்தாள். குனிந்து பாவுக்கு அடியில் போனாள்.

பாதி தூரம் போயிருப்பாள். மணியன் பார்த்துவிட்டார்.

"ஐயோ, பாவு! புடிங்க புடிங்க!"

அவர் ஓடினார். இன்னும் இருவர் ஓடினார்கள். ஒருவர் கால் மூங்கிலில் தட்டியது. ஒரு மூங்கில் சாய்ந்தது, அடுத்ததும் சாய்ந்தது. கஞ்சி ஈரத்தோடு பாவு அப்படியே மண்ணில் விழுந்தது. அதன் மேல் மணியன் விழுந்தார். பூவாத்தாள் மறு பக்கத்தில் எழுந்து நின்று, தலையில் ஒரு இழைகூட இல்லாமல், அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். பழனியம்மாள் அவளை ஓங்கி ஒரு அறை விட்டார். பிறகு அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்.

யாரால் பாவு விழுந்தது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் யார் சொல்வது? நாட்டாண்மைக்காரர் வீட்டுப் பாவின் மேல் விழுந்தது நாட்டாண்மைக்காரரின் தம்பி. மூன்று வயதுப் பெண் மேல் போடுவது சுலபம்.

அன்று மாலை பாவடியிலேயே கூடினார்கள். அப்பாவைத் தரையில் உட்கார வேண்டாம் என்று ஒரு பலகை போட்டார்கள். அவர் தரையிலேயே உட்கார்ந்தார்.

"சொன்னது ஞாபகம் இருக்கா சரவணா?" கைலாசம் கேட்டார்.

"இருக்குங்க மாமா."

"அப்ப பிரிச்சிரு. இல்லைன்னா நாளையில இருந்து எல்லாத்தையும் கட்டி வை."

மணியன் கையில் கட்டோடு நின்றார். "புள்ளைங்கன்னா கட்டித்தான் வளக்கோணும் மச்சான். நம்மளயெல்லாம் கட்டித்தான வளத்தாங்க? என்ன கெட்டுப் போச்சு?"

யாரோ பின்னாலிருந்து சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. கொட்டகை போனால் அத்தனை குழந்தைகளும் மறுநாள் தூணுக்குத் திரும்புவார்கள். அவருக்கு அது மட்டும்தான் கண்ணில் தெரிந்தது.

"மாமா, நாளைக்குக் காலையில எங்க ஊட்டுப் பாவு நீட்டறேன். எல்லாரும் வந்து ஓரமா நில்லுங்க. வாய் தொறக்கக் கூடாது, கை நீட்டக் கூடாது. புள்ளைங்க அடியில போவட்டும். பாவு உழுந்துச்சுன்னா நானே கொட்டாயைப் பிரிச்சுப் போடறேன்."

கைலாசம் தலையை ஆட்டினார்.

வீட்டில் அம்மா அடுப்படியில் நின்றார். செய்தி அதற்குள் வந்து சேர்ந்திருந்தது.

"ஏனுங்க, அது யாரு பாவு?"

அப்பா தரையில் உட்கார்ந்து காலை நீட்டினார்.

"நூலு வாங்கக் கடை வாசல்ல நின்னது நானு. ஓடி ஓடிப் பாவு போட்டது நானு. தீவாளிக்கு வர்ற சோறு அதுல இருக்குது. என்னைய ஒரு வார்த்தை கேக்காம ஊருக்கு நடுவுல வெச்சுட்டு வந்துட்டீங்க?"

"தப்புதான் கமலம். போயி வேண்டாம்னு சொல்லிட்டு வாரேன்."

அவர் சுவரைப் பிடித்து எழத் தொடங்கினார். உண்மையாகவே போயிருப்பார். அம்மா அந்தக் காலையே பார்த்தபடி நின்றார். அன்றைய நூல் இன்னும் அதில் இருந்தது, பிரிக்கவில்லை.

"உக்காருங்க. கஞ்சியை நானே காச்சறேன். கட்டியா இருந்தா இழை வெரசா அறும்."

காலையில் பாவு நீண்டது. அம்மா ஒரு முனையில் நின்று தூரிகையால் வாரினார். அப்பா மறு முனைக்கு அப்பால் வேம்படியில் காலை நீட்டி உட்கார்ந்தார். மடியில் பொரி. தெருவே ஓரமாக நின்றது. அப்பா ஒன்று மட்டும் கேட்டார். "எல்லாரும் கையைப் பின்னால கட்டிக்குங்க." நாட்டாண்மைக்காரரும் கட்டிக்கொண்டார். மணியனுக்குக் கட்டுப் போட்ட கை மடங்கவில்லை. பரவாயில்லை என்று விட்டுவிட்டார்கள்.

குழந்தைகள் வந்தார்கள். அவர்களுக்கு அது வழக்கமான ஆட்டம்தான். காலுக்குப் பதில் உண்மையான பாவு. ஒருவன் பன்றிக்குட்டி போல் உர் உர் என்று சத்தமிட்டுக்கொண்டு போனான். ஒருத்தி பாதி வழியில் மல்லாந்து படுத்துக்கொண்டு மேலே இழைகளுக்கு நடுவே வானத்தைப் பார்த்தாள். எழவே இல்லை. தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டது. தானாக எழுந்து போனாள்.

பூவாத்தாள் கடைசியில் வந்தாள். முந்தின நாள் வாங்கிய அறை அவள் கன்னத்தில் இன்னும் தெரிந்தது. அடியில் வந்தவள் பொரியைப் பார்த்ததும் அவசரப்பட்டுத் தலையைத் தூக்கிவிட்டாள். காதோரத்துத் தோடு இழையில் மாட்டியது. டப் என்று ஒரு சத்தம். எனக்கே கேட்டது.

யாரும் அசையவில்லை. பழனியம்மாள் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டார். அப்பாவின் முகம் இப்போதும் எனக்குத் தெரிகிறது. கை பின்னால்தான் இருந்தது.

பூவாத்தாள் நின்றாள். தோட்டில் தொங்கிய நூலைத் தானே எடுத்தாள். திரும்பினாள். பாவில் எந்த இடம் என்று தேடினாள். தேடி, மறு முனையைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டாள். தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

"மாமா, அந்து போச்சு!"

அப்பாவால் சட்டென்று எழ முடியாது. அவள் பக்கத்தில் நின்றவர் கைலாசம். அவள் இரண்டு முனைகளையும் பிடித்தபடி அவரை அண்ணாந்து பார்த்தாள்.

"கட்டு."

அவர் பின்னால் கட்டிய கையை எடுத்தார். குனிந்தார். கஞ்சியைத் தொட்டு இரண்டு முனையையும் சேர்த்து முறுக்கினார். இழை நின்றது. பூவாத்தாள் கை தட்டினாள். கொட்டகைப் பிள்ளைகள் எல்லோரும் தட்டினார்கள். அம்மா தூரிகையை வைத்துவிட்டுத் தட்டினார்.

கைலாசம் நிமிர வெகு நேரம் எடுத்துக்கொண்டார்.

"மணியா, போன மாசம் என் பாவுல ஒரு இழை அந்து கெடந்துச்சே. நெஞ்சு மூணு முழம் போனப்பறம்தான் கண்ணுல பட்டுச்சு. அது யாரு அத்தது?"

மணியன் வேம்பைப் பார்த்தார்.

"நானும் முப்பது வருசமா ஆளு வெச்சு வேலை வாங்கறேன். அந்ததும் வந்து அந்து போச்சுன்னு சொன்னவன் ஒருத்தனும் இல்லை. எல்லாப் பயலும் நாளைக்குப் பாத்துக்கலாம்னு மறைச்சவன்தான். கட்டி வளத்தவன், அடிச்சு வளத்தவன்." அப்பா பக்கம் திரும்பினார். "கொட்டாய் இருக்கட்டும் சரவணா."

"உங்க பேரனையும் அனுப்புங்க மாமா."

"அதைய அப்பறம் பாத்துக்கலாம்."

அவர் தன் பேரனை அனுப்பவில்லை. அடுத்த தை வரை அந்தப் பையன் தூணில்தான் இருந்தான். அப்பா பொறுமையாக இருந்தார். சில நாள் பொறுமையாக இல்லை, அம்மாவிடம் திட்டித் தீர்த்தார்.

பிற்பாடு யுத்தம் வந்தது. நூல் கிடைக்கவில்லை. தறிகள் நின்றன. தறி நின்றால் குழந்தையைக் கட்டத் தேவையில்லை, ஆனால் குழந்தைக்குப் பசிக்கும். அந்த வருடங்களில் கொட்டகைக்குக் குழந்தைகள் அதிகம் வந்தார்கள். அப்பா கம்பங்கூழ் கரைத்து அந்தச் சிறிய குடங்களில் ஊற்றிக் கொடுத்தார். தங்களுக்குத் தாங்களே ஊற்றிக்கொள்ள வேண்டும் என்பது அப்போதும் மாறவில்லை. கூழ் கீழே சிந்தினாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்.

நான் படிக்கப் போனேன். வேலைக்குப் போனேன். என் ஆட்களிடம் ஒரு விதி வைத்திருக்கிறேன். கம்பியிலோ கம்பத்திலோ தவறு செய்துவிட்டால் வந்து சொல். சொன்னவனுக்கு அபராதம் இல்லை. என் மேலதிகாரி இது என்ன வழக்கம் என்று கேட்டார். மறைத்த தவறு மின்சாரத்தில் ஆளைக் கொல்லும் என்று பதில் சொன்னேன். அது உண்மைதான். எங்கே கற்றேன் என்று அவர் கேட்கவில்லை.

வியாழக்கிழமை அப்பாவைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தபோது பூவாத்தாள் வந்தாள். பாவாடை தாவணியில் வளர்ந்த பெண்ணாகிவிட்டாள். கையில் ஒரு முழம் சிவப்பு நூல். யாரையும் கேட்கவில்லை. அந்தக் காலில் ஒரு சுற்றுச் சுற்றினாள். முடிச்சுப் போடவில்லை. மற்றவர்களும் வந்தார்கள். மணியன் வந்தார். அவரிடம் நூல் இல்லை. தன் மேல்துண்டின் ஓரத்திலிருந்து ஒரு இழை உருவினார். பிரிக்க வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். அப்படியே எடுத்துப் போனோம்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை அவர் போக வேண்டிய வீடு, பாவடிக்குப் பின்னால் புதிதாக விட்ட தெருவில் கடைசி வீடு. தெய்வநாயகி ராசிபுரத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். கொட்டகையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாள், நம்பவில்லை.

அப்பா இப்படிப்பட்ட வீடுகளுக்குப் போனால் குழந்தையை அவிழ்க்கச் சொல்லமாட்டார். புத்தி சொல்லமாட்டார். குழந்தை கட்டியிருக்கும் தூணுக்கு அருகே உட்கார்ந்து காலை நீட்டுவார். "அம்மிணி, கவுறு மிச்சம் இருந்தா இதையும் சேத்துக் கட்டுங்க. இது உங்க பையனை விட மோசம், சொன்ன பேச்சைக் கேக்கறதே இல்லை" என்பார். அவர்கள் சிரிப்பார்கள். காப்பித் தண்ணி கொடுப்பார்கள். குழந்தை அந்தக் காலின் மேல் ஏறப் பார்க்கும், கயிறு எட்டாது. கயிறு எட்டாமல் குழந்தை இழுபடுவதை அந்தத் தாய் உட்கார்ந்து பார்ப்பாள். தறியில் இருக்கும்போது பார்க்க நேரமில்லாதது அது. சற்று நேரத்தில் அவளே எழுந்து அவிழ்ப்பாள். அவிழ்க்காத வீடு எனக்குத் தெரிந்து மிகச் சில.

காலையில் அம்மா சொன்னார். "அந்த ராசு இன்னும் கட்டுலதான் இருப்பான். நீ போயிட்டு வா சாமி."

மீதிப் பாதி மணலைச் சலித்து முடித்தேன். கல்லை விரல் வளையத்துக்குள் போட்டுப் பார்த்தேன். என் வளையம் அவருடையதை விடப் பெரியது. சிறிதாக்கிக்கொண்டேன்.

அந்த வீட்டு வாசல் வரை போனேன். தறிச் சத்தம் இல்லை. துணி அறுத்தாகிவிட்டது. உள்ளே குழந்தை ஏதோ தட்டிக்கொண்டிருந்தது. என் இரண்டு காலும் நன்றாக மடங்குகின்றன. எதை நீட்டி, என்ன சொல்லி அவளைச் சிரிக்கவைப்பது என்று தெரியவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

நாளைக் காலை மறுபடி போக வேண்டும்.